பூஜ்யம் போட்ட ரயில்

பெயரை மாற்றினால் யோகம் அடிக்கும் என்று நியூமராலஜிக்காரர்கள் சொல்வார்கள். குமாருக்கு நடுவில் ஒரு 'ஏ' கூடுதலாகப் போட்டால் பிரமோஷன் வரும், லக்ஷ்மிக்குக் கடைசியில் ஒரு 'ஐ' சேர்த்தால் நல்ல வரன் வரும் என்று. நம்பாதவர்கள் எங்கள் ஊர் ஸ்டேஷனுக்கு ஒரு நடை வரவும். அங்கே ஒரு பாஸஞ்சர் ரயில், தன் நம்பருக்கு முன்னால் ஒரே ஒரு பூஜ்யத்தைப் போட்டுக்கொண்டு, பெயரையும் 'எக்ஸ்பிரஸ் ஸ்பெஷல்' என்று மாற்றிக்கொண்டது. அவ்வளவுதான். பத்து ரூபாய் டிக்கெட் முப்பது ரூபாய் ஆகிவிட்டது. பூஜ்யத்தைக் கண்டுபிடித்தது இந்தியா என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு இப்படி ஓர் உபயோகம் இருப்பது ஆரியபட்டருக்கே தெரிந்திருக்காது!

எங்கள் ஊர்ப் பெயரை எழுதப் போவதில்லை. எழுதினால் ஸ்டேஷன் மாஸ்டருக்கு விளக்கம் கேட்டு மெமோ வரும். பாவம், பிள்ளைகுட்டிக்காரர். ஒற்றை லைன், பெரிய ஜங்ஷனுக்கு 32 கிலோமீட்டர், நடுவில் ஐந்து ஸ்டேஷன், பிளாட்பாரத்தில் ஒரு வேப்பமரம், மரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு, பெஞ்சின் மேல் ஒரு நாய் - இந்த அடையாளம் போதும். டெல்டாப் பக்கமோ, தென்காசிப் பக்கமோ, காட்பாடிப் பக்கமோ, 'அட, நம்ம ஊரு!' என்று உங்களுக்குத் தோன்றினால் அது உங்கள் ஊர்தான்.

காலை 8.10 பாஸஞ்சர். ரயில்களின் கல்யாண வீட்டில் பாஸஞ்சருக்கு என்றைக்குமே கடைசிப் பந்தி. ஒற்றை லைனில் எதிரே ஒரு வண்டி வந்தாலும் இது லூப் லைனில் ஒதுங்க வேண்டும். பின்னால் ஒன்று அவசரமாக வந்தாலும் இதுதான் ஒதுங்க வேண்டும். சூப்பர்ஃபாஸ்ட் பெரியப்பா போவார். எக்ஸ்பிரஸ் சித்தப்பா போவார். சமயத்தில் கரி மூட்டை சுமந்துகொண்டு கூட்ஸ் மாமா ஆடி அசைந்து போவார். எல்லோரும் கை கழுவிய பிறகு, 'நீயும் ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போ' என்கிற மாதிரி எங்களுக்குச் சிக்னல் விழும்.

இதற்காக நாங்கள் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. கொடுப்பது பத்து ரூபாய். அதிலும் எங்களை மாதிரி தினசரிக் கோஷ்டிக்கு ஸீசன் டிக்கெட். ஏறக்குறைய பதினைந்து டிக்கெட்டுக்கான காசைக் கொடுத்துவிட்டால் மாசம் முழுக்கப் போய் வரலாம். இந்தக் காசுக்கு ஜன்னல் காற்று, சுண்டல் வாசனை, வண்டி நிற்கிற நேரத்தில் சீட்டாட்டம். மாப்பிள்ளை முறுக்கெல்லாம் காட்ட முடியுமா?

சீட்டாட்டம் என்றவுடன் போலீஸுக்குத் தகவல் கொடுத்துவிட வேண்டாம். காசு வைக்காத ஆட்டம். இருபத்தெட்டு. நாலு கை வேண்டும். நான் ஒரு கை. கூட்டுறவு பாங்க்காரர் ஒரு கை. 'ரிடையர்டு சார்' ஒரு கை - உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவரே தவிர, ரயிலிலிருந்து ஓய்வு பெறாதவர். ஜங்ஷன் ஊர் லைப்ரரியில் பேப்பர் படிப்பதற்காகத் தினமும் 64 கிலோமீட்டர் போய் வருவார். வீட்டுக்கே அதே பேப்பர் வருகிறது என்பது வேறு விஷயம். நாலாவது கை, 'கடைத் தம்பி.' ஜவுளிக்கடையில் பேண்ட் பிட், சர்ட் பிட் செக்‌ஷன். அப்போது வயசு இருபத்திரண்டோ, மூன்றோ. நாள் பூரா நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டுகிற உத்தியோகம். கடை ஊழியர்கள் உட்காருவதற்கு நாற்காலி போட வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டமே 2021-ல்தான் வந்தது. அதற்கு முன்னால் அவன் உட்கார்ந்த ஒரே நாற்காலி எங்கள் பாஸஞ்சரின் பலகை சீட்டுதான். அதனால்தானோ என்னவோ, உட்கார்ந்ததும் முகத்தில் ஒரு தேஜஸ் வந்துவிடும். துருப்பை ஒளித்து வைப்பதில் ஆசாமி கில்லாடி. ரிடையர்டு சார் அவனிடம் தோற்காத நாள் கிடையாது.

கதவோரம் பூக்காரம்மா. இரண்டு கூடை மல்லிகை, ஒரு கூடை கதம்பம். முகூர்த்த நாள், வெள்ளிக்கிழமை, கோயில் திருவிழா என்றால் வருவார். பூ இல்லாத நாளில் வரமாட்டார். அதனால் ஸீசன் டிக்கெட் அவருக்குக் கட்டாது. போக பத்து, வர பத்து.

இப்படி ஓடிக்கொண்டிருந்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது. நாட்டிலுள்ள அத்தனை பயணிகள் ரயிலும் நின்றது. சிமெண்ட் பெஞ்சு நாய்கூட எங்கேயோ போய்விட்டது.

எங்கள் வண்டி திரும்பி வந்தது 2021-ல். அதே நீலப் பெட்டி. அதே துருப்பிடித்த ஜன்னல் ஷட்டர், பாதியில் மாட்டிக்கொண்டு ஏறவும் செய்யாது, இறங்கவும் செய்யாது. பாங்க்காரர் 2017-ல் தன் மகளின் பெயரைச் சாவியால் கீறி வைத்த இடம்கூட அப்படியே இருந்தது. (அரசாங்கச் சொத்தில் கீறியது தப்புதான். அவர் சார்பில் பாங்க் மன்னிப்புக் கேட்கும்.) ஆக, வண்டி அதேதான் என்பதற்குச் சாட்சியோடு ஆதாரம் இருக்கிறது.

முதல் நாள் கவுன்டரில் நடந்த உரையாடல் இது:

"ஜங்ஷனுக்கு ஒண்ணு சார்."

"முப்பது ரூபா."

"ஒருத்தர்தான் சார் போறேன்."

"ஒருத்தருக்குத்தான் முப்பது."

"பத்து ரூபாதானே?"

"அது பாஸஞ்சருக்கு. இது எக்ஸ்பிரஸ்."

"அப்ப பாஸஞ்சர் எத்தனை மணிக்கு?"

"பாஸஞ்சர் கிடையாது. அதுதான் இது."

"அதேதான்னா பத்து ரூபா..."

"சார், பின்னாடி ஆள் நிக்கறாங்க."

திரும்பிப் பார்த்தேன். உண்மைதான். பின்னால் நின்றவர்கள் எல்லோரும் கையில் பத்து ரூபாயை மடித்து வைத்துக்கொண்டு நின்றார்கள்.

ஸீசன் டிக்கெட்? 'ஸ்பெஷல் வண்டியில் செல்லாது' என்றார்கள். அது கொஞ்ச காலம் கழித்துத்தான் மறுபடி செல்லுபடியானது. ஸீசன் இல்லாத அந்த மாதங்களில் ஒரு நாளைக்கு அறுபது ரூபாய், மாசம் 26 நாளைக்கு 1,560 ரூபாய். பழைய ஸீசன் காசோடு இதை ஒப்பிட்டுப் பார்த்த ரிடையர்டு சார், "இனிமே வீட்டுக்கு வர்ற பேப்பரையே படிச்சுக்கறேன்" என்று லைப்ரரிக்கு விடுமுறை விட்டுவிட்டார்.

கட்டணத்தைக் கூட்டியதற்கு ஒரு காரணமும் சொன்னார்கள். 2021 பிப்ரவரியில் வந்த விளக்கம் அது. கொரோனா காலத்தில் ஜனங்கள் அவசியமில்லாமல் ரயிலில் பயணம் செய்வதைத் தவிர்க்கத்தான் குறுகிய தூரத்துக்குக் கொஞ்சம் கூடுதல் கட்டணமாம். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து, மூன்று கூடை பூவைத் தலையிலும் இடுப்பிலுமாகத் தூக்கிக்கொண்டு பூக்காரம்மா அவசியமில்லாமல் உல்லாசப் பயணம் போவதை இவர்கள் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார்கள்!

சரி, முப்பது ரூபாய் வாங்கினார்களே, வண்டி எக்ஸ்பிரஸ் மாதிரி ஓடியதா என்று கேட்பீர்கள். ஓடியது. கடைசிப் பந்தியிலிருந்து அதற்கு முந்தின பந்திக்குக்கூட பிரமோஷன் இல்லை. முன்னே 55 நிமிஷத்தில் போன 32 கிலோமீட்டருக்கு இப்போது ஒரு மணி பத்து நிமிஷம். லூப் லைனில் வழக்கம்போல் ஒதுங்கி நின்றோம். ஒரு வித்தியாசம், முன்பு பத்து ரூபாய்க்கு ஒதுங்கினோம். இப்போது முப்பது ரூபாய்க்கு.

எக்ஸ்பிரஸ் ஆகிவிட்டதால் நடுவில் இரண்டு ஸ்டேஷனில் ஸ்டாப்பிங்கை எடுத்துவிட்டார்கள். அதில் ஒன்று கிராஸிங் ஸ்டேஷன். டைம்டேபிள்படி அங்கே வண்டி நிற்காது. சிக்னல்படி அங்கே தினமும் 18 நிமிஷம் நிற்கும். அந்த ஊர்க்காரர்கள் பிளாட்பாரத்தில் நின்று, நிற்கிற ரயிலைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். அதில் ஏற அவர்களுக்கு டிக்கெட் கிடையாது; ஏனென்றால் அது அங்கே நிற்பதில்லை. வேதாந்தம் படித்தவர்கள்கூட இந்த இடத்தில் தலையைச் சொறிவார்கள்.

இன்னொரு விசேஷம். கடைசிக்கு முந்தின ஸ்டேஷனிலிருந்து ஜங்ஷனுக்கு 7 கிலோமீட்டர். சாயந்திரம் ஜங்ஷனிலிருந்து கிளம்பி அந்த 7 கிலோமீட்டரைக் கடக்க டைம்டேபிளில் 9 நிமிஷம் போட்டிருக்கிறது. காலையில் போகும்போது அதே 7 கிலோமீட்டருக்கு 30 நிமிஷம்! தண்டவாளம் காலையில் நீண்டு, சாயந்திரம் சுருங்குகிறதா என்று சந்தேகப்பட வேண்டாம். வண்டி குறித்த நேரத்துக்கு வந்ததா என்று கணக்குப் பார்ப்பது போய்ச் சேருகிற ஸ்டேஷனில்தான். அதனால் கடைசித் துண்டில் நிமிஷங்களைக் கொஞ்சம் தாராளமாக அள்ளிப் போட்டு வைப்பது வழக்கம். வழியெல்லாம் இருபது நிமிஷம் லேட்டாக வந்த வண்டி, ஜங்ஷனில் நுழையும்போது 'ரைட் டைம்' ஆகிவிடும். பரீட்சையில் பெயில் ஆனவனுக்கு மார்க் போடாமல் பாஸ் மார்க்கைக் குறைத்து வைக்கிற டெக்னிக். எங்கள் வண்டியின் தனித்திறமை, இந்தத் தாராளத்தையும் தாண்டி லேட்டாக வருவது.

ஆபீஸில் கைரேகை மெஷின் வைத்திருக்கிறார்கள். 9.40-க்கு மேல் விரலை வைத்தால் அரை நாள் கேஷுவல் லீவ் காலி. மானேஜர் ஒரு நாள் கூப்பிட்டார்.

"என்ன சார், இன்னிக்கும் லேட்டா?"

"எக்ஸ்பிரஸ்ல வந்தேன் சார்."

"எக்ஸ்பிரஸ்ல வந்துமா லேட்டு?"

"எக்ஸ்பிரஸ்ல வந்ததாலதான் சார் லேட்டு."

அவர் காரில் வருகிறவர். புரியவில்லை.

இந்த இடத்தில் பழைய கதை ஒன்றை ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது. நம் அப்பாக்கள் காலத்தில் ரயில் கட்டணம் கூடினால் ஊருக்கே தெரியும். 1924-லிருந்து ரயில்வேக்கென்று தனி பட்ஜெட். மந்திரி எழுந்து படிப்பார். கட்டணம் என்றதும் எதிர்க்கட்சி கூச்சல் போடும். மறுநாள் டீக்கடையில் அதே கூச்சல். கடைசியாக 2016-ல் படித்தார்கள். 2017-லிருந்து பொது பட்ஜெட்டோடு சேர்த்துவிட்டார்கள். 2012 மார்ச்சில் தினேஷ் திரிவேதி என்கிற ரயில்வே மந்திரி, சாதாரண இரண்டாம் வகுப்புக்குக் கிலோமீட்டருக்கு 2 பைசா கூட்டினார். அவர் கட்சியின் தலைவிக்கே அது பொறுக்கவில்லை. நாலைந்து நாளில் மந்திரி பதவி போய்விட்டது. அடுத்து வந்தவர் அந்த உயர்வைப் பெரும்பாலும் வாபஸ் வாங்கினார்.

கிலோமீட்டருக்கு 2 பைசா என்றால் எங்கள் ஊர் 32 கிலோமீட்டருக்கு 64 பைசா. 64 பைசாவுக்கு ஒரு மத்திய மந்திரியின் நாற்காலி காலி! எங்களுக்கு ஏறியது இருபது ரூபாய். அதற்கு ஒரு குமாஸ்தாவுக்கு டிரான்ஸ்ஃபர்கூட வரவில்லை. ஏன் என்றால், கட்டணம் ஏறவே இல்லை. பாஸஞ்சர் கட்டணம் அன்றும் பத்து ரூபாய்தான். பாஸஞ்சர் என்று ஒரு வண்டிதான் இல்லை. இட்லி விலையைக் கூட்டினால் ஜனங்கள் சண்டைக்கு வருவார்கள் என்று, 'இட்லி ஒரு ரூபாய்' போர்டை அப்படியே விட்டுவிட்டு, அதே இட்லிக்கு 'ஸ்பெஷல் ஆவி கேக்' என்று பெயர் வைத்து மூன்று ரூபாய்க்கு விற்கிற ஓட்டல் உண்டா? எங்கள் ரயிலில் உண்டு.

2014 ஜூனிலும் ஒரு முயற்சி நடந்தது. கட்டணம் 14.2 சதவீதம் ஏறியது. கூடவே, ஸீசன் டிக்கெட்டுக்கு 15 பயணக் கணக்குக்குப் பதில் 30 பயணத்துக்கு வசூலிப்பது என்று முடிவு. மும்பைக்காரர்கள் போட்ட சத்தத்தில் நாலே நாளில் ஸீசன் உயர்வு ரத்து. அறிவித்ததால்தானே சத்தம் போட முடிந்தது! 2025-ல்கூட ஜூலையில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை, அரைப் பைசா, ஒரு பைசா என்று கிலோமீட்டர் கணக்கில் கூட்டினார்கள். முறையாக அறிவித்துக் கூட்டினார்கள். ஸீசன் டிக்கெட்டையும் குறுகிய தூரத்தையும் தொடவில்லை. நியாயம். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நானும் கணக்குத் தெரியாதவன் இல்லை. பயணிகள் ரயிலில் நஷ்டம், சரக்கு ரயிலில் வருகிற லாபத்தை எடுத்துத்தான் அதை ஈடுகட்டுகிறார்கள் என்பது உண்மை. கூட்ஸ் மாமா எங்களை முந்திக்கொண்டு போகும்போது நான் மரியாதையாகத்தான் பார்க்கிறேன். நம் டிக்கெட் காசுக்குப் படி அளப்பவர் அவர்தானே! பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் உங்களிடமிருந்து வசூலிக்கிறோம் என்று டிக்கெட்டிலேயே அச்சடித்துக் கொடுத்தார்கள். பார்த்திருப்பீர்கள். கல்யாண வீட்டில் இலையைப் போட்டு, இலையின் ஓரத்திலேயே 'நீங்கள் வைத்த மொய் இந்தச் சாப்பாட்டுக்குப் பத்தாது' என்று எழுதி வைத்த மாதிரி. பரவாயில்லை, சொல்லட்டும். பத்து ரூபாயைப் பன்னிரண்டு ஆக்குகிறோம், பதினைந்து ஆக்குகிறோம் என்று நேராகச் சொல்லியிருந்தால் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்திருப்பேன். ராத்திரியோடு ராத்திரியாகப் பெயரை மாற்றிவிட்டு, 'அது வேறு, இது வேறு' என்று சொன்னதுதான் தொண்டையில் நிற்கிறது.

சென்னை வாசகர்கள், 'எங்களுக்கு மின்சார ரயில் அஞ்சு ரூபாய்லேர்ந்து இருக்கே, அப்படி ஒண்ணும் ஏறலியே' என்று நினைக்கலாம். வாஸ்தவம். ஆனால் பீச்சிலிருந்து சிந்தாதிரிப்பேட்டை வரை பறக்கும் ரயிலை 2023 ஆகஸ்ட் 27-ல் நிறுத்தினார்களே, நாலாவது தண்டவாளம் போட ஏழு மாசம் என்று! திரும்ப ஓடியது 2024 அக்டோபர் 29-ல். ஏழு மாசத்தில் பிறந்தால் குறைமாசம் என்பார்கள். பதினாலு மாசத்துக்கு டாக்டர்களிடமே பெயர் கிடையாது. அந்தப் பதினாலு மாசமும் சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி, பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் கொடுத்த காசு எந்தக் கட்டண உயர்வுக் கணக்கில் வரும்? 2025 ஏப்ரலில் ஏ.ஸி. மின்சார ரயில் விட்டார்கள். குறைந்தபட்சம் 35 ரூபாய். கதவு தானாக மூடிக்கொள்ளும். அதுவாவது ஏ.ஸி. என்று பெயர் வைத்ததற்கு ஏ.ஸி. போட்டிருக்கிறார்கள்.

எங்கள் ஊருக்கு வருவோம்.

முப்பது ரூபாய் ஆனதும் பூக்காரம்மா ரயிலை விட்டுவிட்டார். 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டில் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். ஆனால் டவுன் பஸ் நேராக ஜங்ஷன் ஊருக்குப் போகாது. ஒரு இடத்தில் இறங்கி மாற வேண்டும். மூன்று கூடையையும் இறக்கி, ஏற்றி, இரண்டு மணி நேரம். ஒரு நாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மல்லிகை மேலே ஈரத் துணி போட்டிருந்தும் ஓரமெல்லாம் பழுத்திருந்தது. "ரயில்ல போனா மொட்டாப் போயிச் சேரும் தம்பி. இதுல போறதுக்குள்ள விரிஞ்சிடுது. விரிஞ்ச பூவை எவ வாங்குவா? பாதி விலைக்குக் கேக்கறாளுவ" என்றார். ஓசி பஸ்ஸில் போய் அவர் தினமும் கொடுத்த கட்டணம், அந்தப் பாதி விலை.

கடைத் தம்பியின் கணக்கு இன்னும் சுருக்கம். சம்பளம் 9,000. ரயிலுக்கு 1,560. வீட்டில் அம்மாவும், பாலிடெக்னிக் படிக்கிற தங்கையும். முதல் மாசம் கொடுத்துப் பார்த்தான். இரண்டாவது மாசம் பாங்க்காரரிடம் ஐந்நூறு கைமாற்று வாங்கினான். மூன்றாவது மாசம் முதலாளியிடம் கேட்டு, கடைக்கு மேலே சரக்கு வைக்கிற மாடியில் படுத்துக்கொள்ள இடம் வாங்கிவிட்டான். அங்கே ஏற்கெனவே வெளியூர்ப் பையன்கள் எட்டுப் பேர். இவன் 32 கிலோமீட்டரில் சொந்த வீடு இருந்தும் ஒன்பதாவது வெளியூர்ப் பையன்.

போகிற அன்றைக்கு ரயிலில் எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு துணிப்பை கூடுதலாக வைத்திருந்தான். சீட்டுக்கட்டை எடுத்து பாங்க்காரர் கையில் கொடுத்துவிட்டு, "வெச்சுக்கங்க சார், என்கிட்ட இருந்தா தொலைஞ்சிடும்" என்றான். ஸீசன் டிக்கெட் மறுபடி செல்லும் என்று வந்தபோது நானே போன் பண்ணிச் சொன்னேன். "மாடியில இடம் கொடுத்துட்டாரு சார், உடனே மாட்டேன்னு சொன்னா நல்லா இருக்காது" என்றான்.

2021 நவம்பரிலேயே பெரிய எக்ஸ்பிரஸ் வண்டிகளுக்கு 'ஸ்பெஷல்' பட்டத்தை எடுத்துவிட்டு, கொரோனாவுக்கு முந்தின கட்டணத்துக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. எங்கள் வண்டியை மறந்துவிட்டார்கள். 2022 போனது. 2023 போனது. 2024 பிப்ரவரி கடைசியில் ஒரு நாள் கவுன்டரில் முப்பது ரூபாயை நீட்டினால், பத்தை எடுத்துக்கொண்டு இருபதைத் திருப்பித் தந்தார்கள். நான் கிழிந்த நோட்டோ என்று பயந்துவிட்டேன். "பழைய ரேட்டு வந்தாச்சு சார்" என்றார் கவுன்டரில். அவர் முகத்திலும் சந்தோஷம். மூன்று வருஷமாகத் தினமும் இருநூறு பேரிடம் 'அதுதான் இது' என்று சொல்லி அலுத்துப் போயிருந்தார். ஏப்ரலில் லோக்சபா தேர்தல் வந்தது. இரண்டுக்கும் முடிச்சுப் போட மாட்டேன். முடிச்சு அதுவாகவே விழுந்தால் நான் பொறுப்பில்லை.

பூக்காரம்மா அடுத்த முகூர்த்தத்துக்கே ரயிலுக்கு வந்துவிட்டார். ரிடையர்டு சாரும் லைப்ரரியை மறுபடி திறந்துவிட்டார். 2025 ஜனவரி 1-ல் நம்பரும் மாறியது. முன்னாலிருந்த பூஜ்யத்தை எடுத்துவிட்டு ஐந்து, ஆறு என்று போட்டார்கள். நியூமராலஜிப்படி இது நல்லதா என்று விசாரிக்க வேண்டும். ஏனென்றால் பழைய நீலப் பெட்டி பன்னிரண்டும் போய், இப்போது எட்டே பெட்டி. கூட்டம் அதே கூட்டம். சீட்டாட மடி வேண்டும், மடிக்கு உட்கார இடம் வேண்டும். வாரத்தில் இரண்டு நாள் கிடைத்தால் பெரிது. எடுத்துவிட்ட ஸ்டாப்பிங்கில் ஒன்றுதான் திரும்ப வந்தது. கிராஸிங் ஸ்டேஷனில் வண்டி இன்னமும் நிற்காமல் நிற்கிறது.

போன தீபாவளிக்குச் சட்டைத் துணி எடுக்கக் கடைத் தம்பியின் கடைக்குப் போனேன். கொஞ்சம் இளைத்திருந்தான். என்னைப் பார்த்ததும் மேல் தட்டிலிருந்து நாலு பிட்டை உருவிப் போட்டான். கூட்டத்தில் பேச நேரமில்லை. துணியை அளந்துகொண்டே கேட்டான்.

"பாஸஞ்சர் பழையபடி பத்து ரூபாதானாமே சார்?"

"அது ஆச்சேப்பா, ஒண்ணரை வருஷம். நீ வந்துடேன்."

"எங்க சார்... மேலயே படுக்கறேன்னு காலைல எட்டு மணிக்கே ஷட்டரைத் தூக்கச் சொல்லிட்டாரு. ராத்திரி ஸ்டாக் எடுத்து முடிக்க பத்தரை ஆயிடுது. கடைசி வண்டி எட்டே முக்காலுக்கே போயிடுதில்ல? ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போறேன்."

"தங்கச்சி?"

"முடிச்சிட்டா சார். கோயமுத்தூர்ல வேலை."

கத்தரிக்கோலைப் போட்டான். நான் கேட்டதைவிடக் கால் மீட்டர் தள்ளி வெட்டியதை நான் பார்த்தேன், சூப்பர்வைசர் பார்க்கவில்லை.

"ஆட்டத்துக்கு நாலாவது கை யாரு சார் இப்ப?"

"யாரும் செட் ஆகலை. மூணு பேரை வெச்சுக்கிட்டு இருபத்தெட்டு எங்க ஆடறது? ரம்மிதான்."

"ரிடையர்டு சாருக்கு ரம்மி வருமா?"

"வரலை. அதுலயும் தோக்கறார்."

சிரித்தான். பில்லை மடித்துக் கவருக்குள் போட்டுக் கொடுத்துவிட்டு, அடுத்தவருக்கு துணி விரிக்க ஆரம்பித்தான். அவனுக்குப் பின்னால் சுவரோரமாக, சட்டப்படி போட்டிருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் சர்ட் பிட் கட்டு ஒன்று உட்கார்ந்திருந்தது.